பெட்டி நின்ற வாசல்

பெட்டி இரண்டாவது முறையாக நின்றது. தலையில் சுமந்த நால்வரும் முன்னே ஓரடி வைக்கப் பார்த்து, பின்னே இரண்டடி வந்தார்கள்.

"மிங்கோ நகர மாட்டேங்கிறான்," என்றான் முன்னால் தாங்கிய கேட்டோ.

குதிரைமேல் இருந்த ஹார்டிங் துரை சிரித்தார். "உயிரோட இருந்தப்போ வாயே திறக்காத பய. செத்தப்புறம் வீட்டுக்கு வீடு வம்பா?"

"பீப்பா செய்யறவன் தொர. எல்லா வீட்டுலயும் ஒண்ணாவது ஒழுகியிருக்கும்," என்றாள் மிங்கோவின் அக்கா ஜூபா.

ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில், செத்தவன் மனத்தில் பகை மிச்சமிருந்தால் சவப்பெட்டி அந்த வாசலில் நின்றுவிடும். உறவுக்காரர் உள்ளே போய்க் காதோடு சமாதானம் பேசினால்தான் நகரும். துரைமார் கேலி செய்வார்களே தவிர, தடுப்பதில்லை. ஓர் அடிமை அடுத்த குடிசைக்குப் போனாலே சவுக்கு விழும் நேரத்தில், ஜூபாவுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு இந்தப் பெட்டிதான்.

கலகத் தலைவன் ஒருவனைத் தீவு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழடி உயரம், நெற்றியில் வெட்டுத் தழும்பு என்றது ஆளுநரின் அறிக்கை. தேடப்பட்டவனோ ஐந்தடிப் பெட்டிக்குள் தழும்பில்லாமல், காய்ச்சலில் செத்துப் படுத்திருந்தான். நல்ல வேலைக்காரன் என்று சடங்குக்கு ஒரு குடுவை ரம் தந்ததே ஹார்டிங் துரைதான்.

விடியலில் மூச்சு இழுத்தபோதும் தம்பி பேரம் பேசினான். "எல்லாருக்கும் சொல்லியாச்சு. மூணு வாசல்தான் அக்கா மிச்சம்."

"நான் கிழங்கு விக்கிறவ. இதுல என்னை இழுக்காதேன்னு நூறு தடவ சொல்லியாச்சு."

"சொன்னாப் போதும். நீ சேர வேணாம்."

அந்த விலைக்குத்தான் அவள் படிந்தாள்.

இரண்டாம் குடிசைக்குள் குனிந்து, சமையற்காரி பீபாவின் காதில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை சங்கு ஊதினா அது வேலைக்கில்ல. வெட்டுக்கத்தியோட வா."

ஞாயிறு சந்தை நாள். அன்று வேலைச் சங்கு ஊதுவதே இல்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லு அவன்கிட்ட!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்திவிட்டு, பீபா மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாவது வாசலும் முடிந்தது. வெயில் தாங்காமல் துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார். இனி நேரே குழிதான்.

பெட்டி மறுபடி நின்றது. ஜூபாவின் குடிசை வாசலில்.

"டேய் கேட்டோ, மூணுதானேடா பேச்சு?"

"சத்தியமா நான் இல்லக்கா. இழுக்குது."

மற்ற மூவரும் தலையை ஆட்ட முடியாமல் கண்ணை ஆட்டினார்கள்.

"செத்தும் பேரத்தை விடறானா பாரு," என்றாள் ஜூபா.

வழக்கம் வழக்கம்தான். யாருமில்லாத குடிசைக்குள் அவள் போனாள். முணுமுணுப்பு மட்டும் வெளியே கேட்டது.

திரும்பி வந்தவள், இருபது வருடமாக ஒரு ஞாயிறும் தவறாமல் தலையில் சந்தைக்குப் போன கூடையை எடுத்து, வாசலில் கவிழ்த்து வைத்தாள்.

பெட்டி நகர்ந்தது.