முந்நூற்றுப் பதின்மூன்றாவது வரி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று சத்தியம் செய்கிறேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்; வேறு சாட்சி எதற்கு?

எங்கள் அலுவலகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சர்வர் கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருமுறை நான் குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று நாள் கிடந்தேன். தனிக்கட்டை, யார் வருவார்? நான்காம் நாள் சலித்துப்போய் நானே எழுந்து வேலைக்குப் போனேன். வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று நாளும் நான் தவறாமல் வந்திருந்தேன்.

அதே வாரம் புதிய கண்காணிப்பு மென்பொருள் வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் அது ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். மூன்று முறை பதில் வராவிட்டால் அதற்கு உரிய ஆளைப் போனில் கூப்பிடும். ஓர் இரும்புப் பெட்டிக்கு இத்தனை விசாரிப்பு! சர்வர்களின் பழைய பட்டியலைப் புதியதில் ஏற்றும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: என் பெயர், என் கைப்பேசி எண்.

‘ஏற்ற இயலவில்லை. வரி 1 பிழை’ என்றது. முதல் வரியை இருநூறு தடவை படித்தேன். ஒரு குறையும் இல்லை. கடைசியில் பார்த்தால், பட்டியலின் தலைமாட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. அழிக்கும் விசையைத் தட்டினேன். திரையில் எதுவும் அழியவில்லை, பிழை மட்டும் போய்விட்டது. கண்ணுக்கே தெரியாததை ஒருவன் நாள் முழுக்கத் தேடியிருக்கிறான். எனக்கு அந்த எழுத்தின்மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

மறுபடி ஏற்றினேன். ‘வரி 313 பிழை. தகவல் சொல்ல ஆள் இல்லை.’

மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் நான்தான். எனக்கும் என்னையே போட்டேன். ‘விழுந்தவரிடமே விழுந்ததைச் சொல்ல இயலாது’ என்றது. விவரமான மென்பொருள்.

ஒரு வரி பிழையானாலும் மொத்தப் பட்டியலும் திரும்பி வந்துவிடும். பழைய மென்பொருள் ஐந்து மணிக்கு நின்றுவிடும். நாலரைக்கு மேலாளர் வந்து தலைக்குமேல் நின்றார்.

“அந்தக் கடைசி வரியத் தூக்கிடுங்க. அது என்ன மெஷின்?”

“பழசு சார். சத்தம் போடும், ஆனா ஓடும்.”

“அதுக்கு யாரு பொறுப்பு?”

“அதத்தான் சார் தேடிக்கிட்டிருக்கேன்.”

“அஞ்சு மணி வரைக்கும் தேடுங்க. அப்புறம் நானே தூக்கிடுவேன்.”

தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“மாப்பிள்ளை, நான் விழுந்தா உங்களுக்குச் சொல்லச் சொல்லலாமா?”

“விழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா மச்சான்?”

“பின்னாடிதான்.”

“சொன்னா நான் என்ன பண்ணணும்?”

“வந்து பார்க்கணும்.”

அதற்குள் தங்கையின் குரல் குறுக்கே பாய்ந்தது: “அண்ணனா? என் நம்பரக் குடுங்க! இவரு தூங்கினா இடி விழுந்தாலே எந்திரிக்க மாட்டாரு, நீ விழுந்தா எந்திரிப்பாராக்கும்? ஏண்ணே, இத்தன வருசமா இதக் கேக்க வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?”

நாலு ஐம்பத்தெட்டுக்கு அவள் எண்ணைப் போட்டேன். ‘313 வரிகளும் ஏற்றப்பட்டன.’

அன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசி என்னைக் கேட்கும். நானும் ‘இருக்கிறேன்’ என்று பொத்தானை அழுத்துவேன். ஒரு மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன். தங்கை ஊரிலிருந்து இங்கே ரயிலில் இரண்டு நாள். பதினாறாவது நிமிடம் கதவை உடைக்காத குறையாக இருவரும் வாசலில் நின்றார்கள். அவள் பாதி வாரிய தலையில் சீப்பு அப்படியே தொங்குகிறது. திட்டிக்கொண்டே சமைத்தாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. இதிலும் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.