அடையாளமில்லாத துணி

"யாரு துணிடி இது?"

புருஷன் பிச்சைமணி எறிந்த துணி அங்கம்மாளின் காலடியில் வந்து விழுந்தது. பழைய வேட்டியைக் கிழித்து, நான்காக மடித்துத் தைத்த துணி. சலவைத்துறைக்கு வரும் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் புள்ளியோ கோடோ வைத்து, எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் போட்டிருப்பார்கள். இதில் அடையாளம் இல்லை. கிளினிக்குக்குப் போன வெள்ளைக் கோட்டு மூட்டையில் எப்படியோ கலந்துவிட்டது. நர்ஸ் கோட்டை உதறியபோது பத்துப் பேர் முன்னால் விழுந்ததாம்.

"நாலு தலைமொறையா இந்த மலையாளத்து ஊரு அழுக்கத் தொவைக்கிறோம். நம்ம அழுக்க ஊருக்கு அனுப்புனவ நீ ஒருத்திதான்."

அங்கம்மாள் துணியை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள். பதினெட்டு வருஷமாக இந்த விஷயத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. மூன்றாவது பிள்ளை பிறந்த பதினாறாம் நாள், மாமியார் காளியம்மை அவளைத் தொட்டிக்கு அனுப்பினாள். "தொவைக்கிறவளுக்குத் தண்ணிதான் மருந்து. நான் பன்னெண்டாம் நாளே எறங்கினவ" என்றாள். ஈரம் கனத்த ஓட்டல் விரிப்புகளைத் தூக்கித் தூக்கி அடித்ததில் அந்த மாதமே அடிவயிற்றில் ஏதோ கழன்று இறங்கியது. இருமினால் கசிந்தது, குனிந்தால் கசிந்தது. போகப் போக, கோழிமுட்டை அளவுச் சதை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. தண்ணீரில் நிற்கிறவளிடம் சேலை ஏன் நனைந்திருக்கிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்? தொட்டிதான் அவள் மானத்தைக் காத்தது. கரையேறினால் நரகம். பஸ் ஏறி வருஷங்கள் ஆயிற்று. களமசேரியில் மகள் கல்யாணத்தில்கூட அவள் பாயில் உட்காரவில்லை, குழாயடியிலேயே நின்றாள். செத்துத் தொலைந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

வாசலில் அந்த நர்ஸ் ஸுப்ரியா செருப்பைக் கழற்றினாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே, மூலையில் உட்கார்ந்திருந்த காளியம்மையோடு மூவரும் நினைத்தார்கள்.

"சேச்சி, வழக்கு பேச வரல. எத்தன வருஷமாச்சுன்னு கேக்கத்தான் வந்தேன்."

அங்கம்மாள் அவள் காதோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்பதற்கு ஒரு ஆள் வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

"இது நாணக்கேடு இல்ல, ரோகம். கர்ப்பப்பை எறங்குனா பாக்கறதுக்குன்னே எர்ணாகுளத்துல தனி டாக்டர் உண்டு, லேடி டாக்டர்தான். எல்லார்க்கும் ஆபரேஷன் வேண்டா. பயிற்சி உண்டு, உள்ள வச்சுத் தாங்குற வளையம் உண்டு. நாளைக்குச் செவ்வாய், அவங்க இருக்கற நாளு, போய்க் காட்டுங்க." ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் பிச்சைமணி ஆரம்பித்தான். "பேரன் எடுக்குற வயசுல பொம்பள ஆசுபத்திரி வாசல்ல போய் நிப்பியா? போனா, அப்படியே போயிரு."

"பெத்தவளுக்கெல்லாம் உள்ளதுதான். அடக்கிக்கிட்டு இருக்கணும்" என்றாள் காளியம்மை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை அங்கம்மாள் தொட்டியில் இறங்கவில்லை. இதுநாள் வரை அடுக்களை மூலையில் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்த ஏழு துணிகளையும் எடுத்து வந்தாள். நடுக் கயிற்றில், ஓட்டல் விரிப்புகளுக்கு நடுவே, நல்ல வெயிலில் ஒவ்வொன்றாகப் போட்டாள். பக்கத்துத் தொட்டிகளில் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"எடுடி அத" என்றான் பிச்சைமணி, பல்லைக் கடித்து.

"காயட்டும். என்னோடதுதான். எர்ணாகுளம் போறேன், வழிக்கு வேணும்."

காளியம்மை தேய்ப்புக் கொட்டகையிலிருந்து வந்தாள். அம்மா பிடுங்கி எறிவாள் என்று பிச்சைமணி விலகி நின்றான். கிழவி மடியை அவிழ்த்து, மடித்துத் தைத்த ஒரு துணியை எடுத்தாள். பழுப்பேறி நைந்துபோன துணி. அதிலும் அடையாளம் இல்லை. கயிற்றின் கடைசியில் அதைப் போட்டுவிட்டு, மருமகளின் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த டாக்டரம்மா ஒரே சீட்டுல ரெண்டு பேரப் பாக்குமா?"

அது யார் துணி என்று பிச்சைமணி கேட்கவில்லை.