பின்னிருக்கை

நாகஜோதி ஒன்பது விமானங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். பத்தாவதுதான் அமையவில்லை.

திண்டுக்கல்லில் அவள் வரலாறு நடத்தும் பள்ளியில், எட்டாம் வகுப்பறையின் கூரையிலிருந்து பத்து மாதிரி விமானங்களைத் தொங்கவிட வேண்டும் என்பது அவளுடைய யோசனை. கதவுப் பக்கம் ரைட் சகோதரர்களின் முதல் விமானத்தில் தொடங்கி, கரும்பலகைப் பக்கம் தேஜஸில் முடியும். எல்லாமே ஒரே அளவில், நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அப்போதுதான் எது பெரிசு, எது சின்னது என்று பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே தெரியும். அந்தப் பிடிவாதத்தில் ஜம்போ ஜெட் அடிபட்டுப் போனது. அந்த அளவில் அது ஒரு பெஞ்சு நீளத்துக்கு வரும், ஃபேன் சுற்ற இடமிருக்காது. உலகப் போருக்கு ஸ்பிட்ஃபயர் ஒன்று இருந்தது. அதற்குத் துணையாக எதை மாட்டுவது என்று ஆசிரியர்கள் அறையில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க காட்டுல விழுந்த பிளேன மாட்டுங்க மிஸ்," என்றார் பி.டி. மாஸ்டர் அழகுராஜா.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சொந்த ஊர் அகரம். அங்கே அண்ணன் சோலைமலை பார்க்கும் காட்டில், யுத்த காலத்தில் ஒரு விமானம் எரிந்து விழுந்ததாம். அதில் செத்தவனுக்கு அவருடைய தாத்தா ஒரு கல் நட்டு வைத்தாராம். ஏரப்பிளான் சாமி என்றுதான் இன்றைக்கும் கும்பிடுகிறார்கள்.

"என்ன விமானம்னு தெரியுமா சார்?"

"அது ஆருக்குத் தெரியும்? இரும்பு கொஞ்சம் கிடக்கு. வந்து பாருங்க."

ஹரிக்கேனாகத்தான் இருக்கும் என்று நாகஜோதி நினைத்தாள். யுத்த காலத்தில் இந்தப் பக்கம் பறந்ததாக அவளுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அகரத்துக்குப் போனாள்.

செண்டுமல்லி எடுத்து முடித்திருந்த காடு. ஓரத்தில் ஒரு வேம்பு, அதன் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கல். கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புத் துண்டுகள் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தன. ஒன்று உருளை, உடம்பெல்லாம் மீன் செதில் போல அடுக்கடுக்காக மடிப்பு. மற்றது வில் போல வளைந்த சட்டம், நடுவில் ஒரு கொண்டி. கல்லின் காலடியில் நமுத்துப்போன பன்னும், பாதி எரிந்து அணைந்த சிகரெட்டும் இருந்தன.

"அமாவாசைக்கு வைக்கது," என்றாள் சோலைமலையின் மனைவி பொன்னழகு. "வெள்ளக்காரனுக்குச் சோறு செமிக்காதுல்ல? அதேன் ரொட்டி."

நாகஜோதி போனில் படம் எடுக்கத் தொடங்கினாள். சோலைமலை நின்ற இடத்திலிருந்தே வெயிலை அண்ணாந்து பார்த்தார்.

"சட்டுனு எடுத்துருங்க டீச்சர். உச்சிக்கு இங்கன நிக்க வேணாம்."

"ஏன்ணே?"

அவர் கிழக்கே கை காட்டினார். காட்டின் அந்த மூலை மட்டும் உழவு காணாமல், கோரையும் நெருஞ்சியுமாகத் தரிசாகக் கிடந்தது. "அங்கிட்டிருந்து கேக்கும். 'ஆரு'ங்கும். நாந்தேன்னு சொன்னா அடங்கிரும். எங்க தாத்தன் சொன்னாரு, எங்கய்யா சொன்னாரு, இப்ப நான் சொல்றேன். எங்கய்யா கடைசியில பதில் சொல்லிச் சொல்லியே தொண்ட கட்டிச் செத்தாரு. கும்புடுறோம், படைக்கிறோம், ஒரு கொறையும் வைக்கல. பெறகும் ஏன் கேக்குதுன்னுதேன் புரியல."

நாகஜோதி தலையாட்டி வைத்தாள். இன்னும் ஒரு படம் எடுக்கலாம் என்று குனிந்தபோதுதான் அது கேட்டது.

"ஆரூ..."

நீட்டமாக, தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவது போல. காற்று இல்லை. கோரை ஒன்றுகூட அசையவில்லை. அடுத்த முருங்கைத் தோட்டம் வரைக்கும் திறந்த வெளி, ஆள் நின்றால் தெரியாமல் இருக்காது. சோலைமலை வாயருகே கையைக் குவித்து, "நாந்தேன் சாமி, சோலமல!" என்று கத்தினார். மறுபடியும் கேட்டது. மறுபடியும் சொன்னார். பொன்னழகு நாகஜோதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று சாயங்காலமே படங்களை இளஞ்செழியனுக்கு அனுப்பினாள். சென்னையில் மாதிரி விமானங்களை வரவழைத்து விற்பவர், அவளுடைய ஒன்பதையும் அவரிடம்தான் வாங்கச் சொல்லியிருந்தாள். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"ஹரிக்கேன் இல்ல மேடம். அந்தச் செதில் வச்ச உருளை காத்துல குளிர்ற எஞ்சினோடது. ஹரிக்கேனுக்கு அது கிடையாது. அந்த வளைஞ்ச சட்டம், பின்னாடி உக்காந்து சுடுறவரோட துப்பாக்கியத் தாங்குறதுன்னு நினைக்கிறேன். ரெண்டையும் சேத்துப் பாத்தா, வெஞ்சன்ஸ்னு குண்டு போடுற விமானம். படத்த மட்டும் வச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா அதுதான்னு தோணுது."

"பின்னாடி உக்காந்து சுடுறவரா?"

"ஆமா. முன்னாடி ஓட்டுறவர். பின்னாடி ஒருத்தர், அவருக்கு முதுகைக் காட்டி வால் பக்கம் பாத்து இருப்பார். மொத்தம் ரெண்டு பேர்."

நாகஜோதி பெயரைத் தாளில் எழுதி, அடியில் 'இரண்டு பேர்' என்று குறித்தாள். பிறகு, "அதையே அனுப்புங்க," என்றாள்.

பெட்டி வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே ஒட்டினாள். ஆட்கள் இரண்டு பேரும் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தார்கள். முன்னவனை வைத்துவிட்டாள். பின்னவனை வால் பக்கம் திருப்பி வைத்து விரலால் அழுத்திப் பிடித்திருந்தபோது, அந்தத் தரிசு மூலை கண்முன் வந்தது. பசை காய்ந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பள்ளியில் மதிய மணி அடிக்கும்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போன பின், ஆளில்லாத வகுப்பில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், "நாந்தேன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள்.

மூன்று தலைமுறையாக ஒருவனென்று நம்பிக் கும்பிடுகிறவர்களிடம் போய் இரண்டு பேர் என்று எப்படிச் சொல்வது? விஷயத்தை அழகுராஜாவிடம் சொன்னாள்.

"சொல்லிருவோம் மிஸ். எங்கண்ணே தூங்கி எம்புட்டோ நாளாச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதிரியை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். சோலைமலை அதைக் கையில் வாங்கவில்லை. கட்டிலில் வைக்கச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுக்கு என்னா பேரு?" என்று பொன்னழகு கேட்டாள்.

"வெஞ்சன்ஸ்."

"வெஞ்சனமா? பிளேனுக்குப் போயி சோத்துக்குத் தொட்டுக்கிடுறது பேரையா வப்பான்?"

நாகஜோதி சிரித்து மழுப்பினாள். பழிவாங்குதல் என்று அர்த்தம் என்பதை அந்த வீட்டில் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

சோலைமலையின் விரல் கண்ணாடிக் கூண்டுக்கு மேலே நின்றது. "இது ஆரு, பின்னால?"

"துப்பாக்கிக்காரர்ணே. இந்த விமானம்னா ரெண்டு பேர் இருந்திருப்பாங்க. நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாது. அந்த இரும்பப் பாத்தா அப்பிடித் தெரியுது."

அவர் நிமிரவில்லை. "ஒரு பொணந்தேன் கெடச்சிச்சு. பட்டாளத்து லாரி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு. ஆனா அதுக்குப் பெறகும் பட்டாளத்தானுக வந்துவந்து காட்டச் சுத்துனானுகளாம். கெணத்துல எறங்கிப் பாத்தானுகளாம். மிசினு சாமான் எதையோ தேடுறானுகன்னு தாத்தன் நெனச்சிருக்காரு."

பொன்னழகு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப அது நம்மளக் கேக்கல," என்றார் சோலைமலை. "ஆருன்னு கேள்வி கேக்கலத்தா. அந்த மூலையில கெடக்க ரெண்டாமத்த ஆளு, கூட வந்தவனக் கூப்புடுது. அது அவன் பேரு போல. நாமதேன் எடையில புகுந்து நாந்தேன் நாந்தேன்னு இத்தன வருசமா..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணே," என்று அழகுராஜா அவர் தோளைத் தொட்டார்.

"விடுலே. ஒரு கல்லு பாரு. நல்ல கல்லாப் பாரு."

அன்றைக்கே நட்டார்கள். தரிசு மூலையில், உச்சிக்கு முன்னால். குழி தோண்டும்போது ஏதாவது தட்டுப்படுமோ என்று நாகஜோதி பயந்துகொண்டே நின்றாள். மண்தான் வந்தது. கல்லை இறக்கியதும் சோலைமலை அதை ஆட்டி ஆட்டித் திருப்பினார். வேம்படிக் கல்லை நேராகப் பார்த்து அது நிற்கும்வரை விடவில்லை.

"உள்ளுக்குள்ள ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க முடியாமத்தான போனாங்க. இனியாச்சும் பாத்துக்கிடட்டும்."

"இவரும் வெள்ளக்காரந்தானா டீச்சர்?" என்று பொன்னழகு கேட்டாள். "என்னத்த வைக்கட்டும்?"

"தெரியலக்கா. நம்ம ஆளுகளும் அதுல பறந்திருக்காங்க."

பொன்னழகு வீட்டுக்குப் போய் வாழையிலையில் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்து புதுக்கல்லின் முன் வைத்தாள். நாலு பேரும் வேம்பின் நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. இலைச் சோற்றில் ஒரு காக்கை வந்து இறங்கியது. சோலைமலை வாயருகே கொண்டுபோன கையை அப்படியே வைத்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. காக்கை தின்றுவிட்டுப் பறந்த பிறகும் எந்தக் குரலும் வரவில்லை. அவர் கையைக் கீழே இறக்கினார்.

கண்காட்சி தை மாதம் திறந்தது. ஸ்பிட்ஃபயருக்குப் பக்கத்தில் வெஞ்சன்ஸ் தொங்கியது. அதன் கீழிருந்த அட்டையில், 'பயணித்தவர்கள் இருவர், பெயர் தெரியவில்லை' என்று நாகஜோதி எழுதியிருந்தாள். சோலைமலையும் பொன்னழகும் அகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். தரிசை உழுது கோழிக்கொண்டைப் பூ போட்டிருப்பதாக அவர் சொன்னார். மெலிந்திருந்தார். பிள்ளைகளுக்கு நடுவில் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

பொன்னழகு நாகஜோதியை வராந்தாவுக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சத்தம் நின்னே போச்சு டீச்சர். சாமி புண்ணியம். ஆனா இவரு உச்சி ஆனா வேலைய விட்டுட்டுப் போயி அங்கன நிக்காரு. கூப்புட்டாலும் வாரதில்ல. நேத்து கிட்டப் போயிக் கேட்டேன், என்னா செய்யிறீகன்னு." அவள் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுமில்ல, இனி என்னைய ஆரு கேக்கான்னு சொல்றாரு."