வெள்ளை பூத்த மூடி

இரவு வேலை முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டு நேராக ஜன்னலோர மேசைக்குப் போனான். ஒரு சாண் நீளத்தில் சாம்பல் நிறப் போர் விமானம் அங்கே நின்றது. இறக்கைக் குறிகள், சக்கரங்கள், வயிற்றில் தொங்கும் ஏவுகணைகள் எல்லாம் முடிந்துவிட்டன. விமானி அறையின் கண்ணாடி மூடி மட்டும் பாக்கி. நேற்றே ஒட்டியிருப்பான். ஆள் பற்றாக்குறை என்று கிடங்கு மேற்பார்வையாளன் சீக்கிரமே வரச் சொல்லிவிட்டான், பாவி.

மாதிரி விமானக் கண்காட்சியில் மதியத்துக்குள் இதை வைத்தே ஆக வேண்டும். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவன். டிரைவிங் வகுப்பையும் நடுவில் விட்டான். அக்கா வீட்டுக்காரர் அவனுக்கு அரைக்கிணறு என்று பெயர் வைத்தார். அது வீட்டில் நிலைத்தும் விட்டது. அக்காவே சில நேரம் வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுவாள்.

மாமா கழுத்தில் துண்டோடு வந்து நிலைப்படியில் சாய்ந்தார்.

“என்ன அரைக்கிணறு, இன்னிக்காவது பறக்குமா?”

“மூடி ஒட்டினா முடிஞ்சுது மாமா.”

“ஒட்டேன். அதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா?”

“வெள்ளைப் பசை மெதுவாத்தான் காயும். அவசரப்பட்டா நகந்துடும்.”

“அதானே. அது காயும், நீ தூங்குவ, எந்திரிச்சுப் பாத்தா கண்காட்சி முடிஞ்சிருக்கும். கார எடுக்கவா, இல்ல நானும் போய்ப் படுக்கவா?”

சமையலறையில் அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவன் மண்டைக்கு ஏறியது.

இழுப்பறையைத் திறந்து சூப்பர் குளூவை எடுத்தான். அதைக் கண்ணாடி மூடிக்குப் போடக்கூடாது. இந்த வேலையில் கைவைத்த எவனுக்கும் தெரியும். காயும்போது அதிலிருந்து ஆவி கிளம்பும், மூடிய இடத்தில் சிக்கினால் கண்ணாடியிலேயே படியும். அவனே புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறான். தெரிந்தும் விளிம்பில் சொட்டுச் சொட்டாக வைத்து மூடியை அழுத்தினான்.

“முடிஞ்சுது. கார எடுங்க.”

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தான். மூடி முழுக்க உள்பக்கமாக வெள்ளை பூத்திருந்தது. ஊசி முனையால் புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்த அளவு மானிகள், இருக்கைப் பட்டையின் கொக்கிகள், ஆபத்தில் விமானி வெளியே குதிக்க இழுக்கும் பிடியின் மஞ்சளும் கறுப்பும், எதுவுமே தெரியவில்லை. மாதக்கணக்கில் கண்ணெரிய உட்கார்ந்து செய்தது அதைத்தான்.

மாமா சாவியைச் சுழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான இருக்கு? உள்ள இருக்கறவன் ஏசி கூட வெச்சுட்டான் போல.”

“பாழாப் போச்சு.”

“அட, எவன் குனிஞ்சு உள்ள பாக்கப் போறான்? வாழ்க்கைல ஒண்ண முடிச்சிருக்க. கிளம்புடா.”

அவன் பிளேடை எடுத்து மூடியின் விளிம்பில் சொருகி நெம்பினான். மூடி இரண்டாக உடைந்தது. சாம்பல் வண்ணமும் செதிலாகப் பெயர்ந்து வந்தது.

அக்கா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். “டேய், முடிச்சத எதுக்குடா உடைக்கிற?”

“எங்க முடிச்சேன்? உங்க வாய அடைக்கத்தான் ஒட்டினேன்.”

“பாத்தியா? நான் சொல்லல?” என்றார் மாமா. “அரைக்கிணறு.”

“ஆமா. அரைக்கிணறுதான். கண்காட்சி போனாப் போகுது, இதை அரைக்கிணறு பாத்துக்கும். நீங்க வெளிச்சத்த மறைக்காம அந்தப் பக்கம் போங்க மாமா.”

மாமா வாயைத் திறந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போட்டான். மானிகளின் மேலும் மெல்லிசாக வெள்ளை படிந்திருந்தது. விளக்கை இழுத்து வைத்து, கண்ட வார்த்தையெல்லாம் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டு, அதைச் சுரண்டத் தொடங்கினான்.