குறுக்கே பேசியவள்

என் பேச்சைக் கேட்காத அந்தப் பெண் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் நான் தலைமை நர்ஸ். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் ‘உபதேசம்’. கை கழுவும் இடத்திலேயே என் பிரசங்கம் ஆரம்பித்துவிடும். அன்றைக்கு மாட்டியவள், வேலைக்கு வந்து மூன்று வாரமான புது நர்ஸ். அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

“பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசுறது தப்பு. தெரிஞ்சாலும் அடக்கமா இருக்கணும். புரியுதா?”

“புரியுதுக்கா,” என்றாள். முகத்தில் புரிந்த களையே இல்லை.

ஒரு லாரி டிரைவருக்கு வயிற்றில் ஆபரேஷன். ரத்தம் ஒற்ற இருபது காஸ் துணிகள் எடுத்திருந்தோம். வயிற்றை மூடுமுன் இருபதும் வெளியே வந்தாக வேண்டும். எண்ணினேன். இருபது.

“சரியா இருக்கு டாக்டர்.”

அவர் தையல் ஊசியைக் கேட்டு வாங்கினார்.

“தைக்காதீங்க டாக்டர்! ஒண்ணு குறையுது.”

வாயாடிதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “காலையில அவ்வளவு சொன்னேனே, காதுல விழலையா? நான் எண்ணிட்டேன்.”

“அப்புறமா திட்டுங்கக்கா. ஒவ்வொரு துணியிலயும் நீலக் கோடு இருக்கும். இந்த ஒண்ணுல இல்லையே.”

பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது. ஆபரேஷன் நடுவில் அவசரத்துக்கு ஒரு துணியை இரண்டாக வெட்டியவள் நான். வெட்டவே கூடாது என்று வருஷம் முழுக்கக் கத்துபவளும் நான். அந்த இரண்டு துண்டுகளையும் இரண்டு துணியாக எண்ணியிருக்கிறேன். ஒரு முழுத் துணி இன்னும் உள்ளே இருக்கிறது.

டாக்டர் தேடினார். குடலுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து வெளியே போட்டதும், “வெட்டினது நான்தான் டாக்டர்,” என்றேன். வாயாடியிடம் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். நாள் முழுக்கப் பேசுகிற வாய், திறக்கவில்லை.

மதியம் டிரைவரின் மனைவி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். “உங்க புண்ணியத்துலதான்மா அவர் பொழச்சாரு.”

வாயாடி பக்கத்தில்தான் நின்றாள், வாயே திறக்காமல். நான் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

“என் கையை விடுங்கம்மா,” என்றேன். “நான் தப்பா எண்ணிட்டேன். உங்க வீட்டுக்காரர் வயித்துல துணியை வச்சே தைக்க இருந்தோம். நான் அதட்டியும் அடங்காம இவதான் தடுத்தா. இவ கையைப் பிடிங்க.”

அவர் பிடித்துக்கொண்டார். அவர் விடும்வரை காத்திருந்து, அப்புறம் நானும் பிடித்துக்கொண்டேன்.