டோக்கனுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

நான் இன்று உயிரோடு இருப்பதற்கு ஒரு நாய்தான் காரணம். இதை அழகாகச் சொல்ல எனக்கு வராது. நைட் ஷிஃப்டோடு சேர்த்து ஓ.டி.யும் பார்த்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் என் அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறியிருந்தது. சர்வீஸ் ரோட்டில் நின்ற டிரெய்லருக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் இருந்தது. உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். கூடவே வந்த டோக்கன் என் சட்டைக் கையைக் கவ்வி இழுத்திருக்கிறது. நான் எழவில்லை என்றதும் ஓடிப்போய் டிரைவர் கதவுக்குக் கீழே நின்று குரைத்திருக்கிறது. அவர் இறங்கி வந்து பார்த்தபோது சக்கரத்துக்கும் என் காலுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சட்டையில் பல் பட்ட ஓட்டை மட்டும் நானே பார்த்தது.

டோக்கன் எங்கள் கம்பெனி கேட் நாய். கார் கதவுக்கு ரப்பர் சீல் செய்கிற கொரியக் கம்பெனி. கேன்டீனில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழேதான் அது முதலில் வந்து படுத்தது, அந்தப் பெயரே நின்றுவிட்டது. கறுப்பு உடம்பு, நெஞ்சிலும் முன்னங்கால் ஒன்றிலும் வெள்ளை. இடது காதில் முக்கோணமாக ஒரு வெட்டு. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்தவர்கள் அடையாளத்துக்குப் போட்ட வெட்டு அது. அதனால் டோக்கனுக்குக் குட்டியே கிடையாது.

குட்டி இல்லாததுதான் யூன் சாரை ஒரு யோசனைக்குக் கொண்டுபோனது. அவர் எங்கள் குவாலிட்டி பிரிவின் தலைவர். சீலில் மயிரளவு குமிழ் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார். கெஸ்ட் ஹவுஸில் தனியாக இருந்தார். சாயங்காலங்களில் காம்பவுண்டைச் சுற்றி நடப்பார், டோக்கன் கூடவே நடக்கும். அதனிடம் கொரிய மொழியில் பேசுவார். எங்களைவிட அதற்கு நன்றாகப் புரிந்தது போலத்தான் இருந்தது.

இந்த வருடம் அவரைச் சொந்த ஊருக்குத் திரும்ப அழைத்துவிட்டார்கள். டோக்கனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. விமானப் பயணம் தாங்காது, அதிக நாளும் இருக்காது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். அவர் ஊரில் நாய்களை குளோனிங் செய்து தரும் இடங்கள் உண்டாம். டோக்கனின் காதிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். யாரிடம் கேட்பது என்பதில்தான் சிக்கல். டோக்கனுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. கேட் செக்யூரிட்டி கோதண்டம் அண்ணா கம்பெனி நாய் என்றார், எச்.ஆர். இல்லை என்றது. கடைசியில், அது யாரோடு அறைக்குப் போகிறதோ அவரிடம் கேட்போம் என்று யூன் சார் முடிவு செய்தார். அப்படி அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. அவர் கேட்காமலே எடுத்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டோம். கேட்டாரே, அதற்கும் நான் நன்றி சொல்ல வேண்டியவன்தான்.

மொழிபெயர்க்க ஷெர்லின் வந்தாள். பக்கத்து ஊரான வல்லம் வடகால்காரி. என்னோடு ஒரே லைனில் காண்ட்ராக்டில் இருந்தவள். போனிலேயே கொரிய மொழி கற்றுக்கொண்டு இப்போது ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நாய்க்கு ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு இவங்கிட்ட பர்மிஷனா?" என்றார் கோதண்டம் அண்ணா.

"ஜெராக்ஸ் இல்லண்ணா. ரெட்டப் புள்ளைங்க மாதிரி. ஒண்ணு அப்பவே பொறந்துடுச்சு. இன்னொண்ணு லேட்டா பொறக்கும், அவ்ளோதான்."

எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். அவள் யூன் சாரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். வேறொரு பெண் நாயிடமிருந்து கருமுட்டை எடுப்பார்கள். அதன் உட்கருவை ஊசியால் உறிஞ்சிவிட்டு, அந்த இடத்தில் டோக்கனின் தோல் செல்லை வைப்பார்கள். லேசாக மின்சாரம் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்குவார்கள். அது வளரத் தொடங்கினால் மூன்றாவதாக ஒரு நாயின் வயிற்றில் வைப்பார்கள். பிறக்கிற குட்டிக்கு டோக்கனின் ஜீன்கள்தான் இருக்கும். ஆனால் வெள்ளை அதே இடத்தில் விழும் என்று சொல்ல முடியாது. காதில் வெட்டு இருக்காது. நம்மைத் தெரியாது.

நான் யோசிக்கவே இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த முகம் உலகத்தில் எங்காவது இருந்தால் போதும் என்று இருந்தது.

கோதண்டம் அண்ணாதான் விடவில்லை. "அந்த மூணாவது நாய்க்கு அப்பால இன்னா வேலை?"

"மறுபடியும் அதே வேலைதான்ணா. வயித்துல வெப்பாங்க, குட்டிய எடுப்பாங்க."

"பர்மனென்ட் பண்ண மாட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். ஷெர்லின் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. லைனில் நிற்கும்போது கையில் வருகிற ஒவ்வொரு சீலையும் பார்த்து அதையே நினைத்தேன். மறுநாள் ஷெர்லினைக் கூட்டிக்கொண்டுபோய் யூன் சாரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். ஒரு குட்டி பிழைக்க எத்தனை ரிஜெக்ட் ஆகும்?

குவாலிட்டி பிரிவின் தலைவர் கையிலிருந்த ரப்பர் சீலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். வைக்கிற கருக்களில் பெரும்பாலானவை தங்காது. பிறந்தும் சில நிற்காது. சரியான எண்ணிக்கை அவருக்குத் தெரியவில்லை.

"கேக்க பயமா இருந்துச்சாம். அதனால கேக்கலையாம்" என்றாள் ஷெர்லின்.

அப்போதும் என் சம்மதத்தை நான் திருப்பி எடுக்கவில்லை. எனக்கும் அந்த நாய் வேண்டும்தான்.

தோல் எடுக்க டாக்டர் வருவதற்குள் டோக்கன் இறந்துவிட்டால் என்ன செய்வது என்றும் யூன் சார் சொல்லியிருந்தார். ஈரத் துண்டில் சுற்றி, காய்கறி வைக்கிற ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். உறைய மட்டும் விடக்கூடாது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் ஆனால் செல் வெடித்துவிடும், பிறகு எதற்கும் ஆகாது. இதை நான் கோதண்டம் அண்ணாவிடம் சொன்னபோது கேட்டில் லாரி வந்து நின்றது. குளிர்ச்சியாக வைக்கணும் என்பது வரை கேட்டுக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். மீதியைப் பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. டோக்கன் போய்விட்டது, யூன் சாருக்கும் சொல்லியாகிவிட்டது, நீ பதறாமல் வா, எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன் என்றார்.

போய்ப் பார்த்தால் செக்யூரிட்டி ஷெட்டில் ஃப்ரீசர் பெட்டி. சாவு வீட்டில் வாடகைக்கு எடுத்து வைப்போமே, அதே கண்ணாடிப் பெட்டி. உள்ளே டோக்கன் கால்களை மடக்கிப் படுத்திருந்தது, மேலே சாமந்தி மாலை. தலைமாட்டில் யாரோ ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள். கேன்டீன் லூர்தம்மாள் பக்கத்திலேயே ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். செகண்ட் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். சிலர் பெட்டி மேல் பிஸ்கட் பாக்கெட் வைத்தார்கள். பெட்டி கொண்டுவந்த ஆள் முதலில் போனில் இறந்தது யாரு, பெரியவரா என்று கேட்டாராம். எங்க கேட்டாண்ட இருந்தவங்க என்று மட்டும் கோதண்டம் அண்ணா சொல்லியிருக்கிறார். வந்து பார்த்த பிறகும் அந்த ஆள் பிளக்கைச் சொருகிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"இன்னாடா பண்ற? வெயில்ல கெட்டுப்பூடும்டா."

மூடியைத் தூக்கி டோக்கனின் காதைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மடக்கினேன், மடங்கியது. இன்னும் உறையவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கோதண்டம் அண்ணா முகம் சுண்டிப்போனது.

"எங்கப்பாவுக்குக்கூட பெட்டி வெக்கலடா. இதுக்காவது வெப்போம்னுதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். திட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அதற்குள் யூன் சாரும் ஷெர்லினும் டாக்டரோடு காரில் வந்து இறங்கினார்கள். டாக்டர் கையை விட்டுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பெட்டி வந்து அதிக நேரம் ஆகாததால் தோல் நன்றாகத்தான் இருக்கிறது, உடனே எடுக்கலாம் என்றார். பையைத் திறந்து கத்தியையும் சின்னக் குப்பியையும் வெளியே வைத்தார்.

யூன் சார் பெட்டிப் பக்கம் வரவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் இருந்த காண்ட்ராக்ட் பையன்கள் வழிவிட்டார்கள். கையை ஆட்டி மறுத்துவிட்டார். டாக்டர் குப்பியோடு காத்திருந்தார். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொருவரும் கண்ணாடியைத் தொட்டு எதையோ முணுமுணுத்தார்கள். பேக்கிங்கில் வேலை பார்க்கும் அன்னக்கிளி அக்கா, இருட்டில் தன்னைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போகும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும்தான் அது துணை வரும் என்று நினைத்திருந்தேன்.

யூன் சார் முறை வந்தது. இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"நீ அன்னிக்கு சொன்ன சரி, இன்னிக்கும் சரிதானான்னு கேக்குறாரு" என்றாள் ஷெர்லின்.

கத்தி இருந்தது, குப்பி இருந்தது, காதும் மடங்குகிற பதத்தில் இருந்தது. தலையாட்டினால் போதும்.

"வேணாம் சார்" என்றேன். "என்னை இழுத்தது இதுதான். பொறக்கப் போறது என்னைப் பார்த்ததே கிடையாது, எனக்கு ஒண்ணும் செஞ்சதும் கிடையாது. அது கால்ல விழுந்து நான் இன்னா சொல்றது? அதுக்காக முட்டைக்கு ஒரு நாய், வயித்துக்கு ஒரு நாய், நடுவுல செத்துப்போற குட்டிங்க. என்னைக் காப்பாத்த டோக்கன் வேற யாரையும் அப்படிப் புடிச்சு இழுக்கல சார். என்னை மட்டும்தான் இழுத்துச்சு."

நான் பேசியதைவிட ஷெர்லின் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். யூன் சார் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறுபடியும் விட்டுக்கொடுத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. டாக்டரிடம் ஏதோ சைகை செய்தார். டாக்டர் கத்தியையும் குப்பியையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

பிறகு யூன் சார் தரையில் கிடந்த வயரைக் காட்டி மெல்லப் பேசினார்.

"பொட்டிய ஆன் பண்ணச் சொல்றாரு" என்றாள் ஷெர்லின். "நைட் ஷிஃப்ட் இன்னும் பாக்கலையாம்."

கோதண்டம் அண்ணா மூடியைச் சரியாக வைத்து, நழுவியிருந்த மாலையை இழுத்துவிட்டார். நான் குனிந்து பிளக்கைச் சொருகினேன்.