திறந்து காட்டிய குழி

உயிரோடு மிஞ்சிய கடைசி விதைக்கரும்புக்கு என் வீட்டுக்காரர் சொன்ன விலை கட்டு அறுபது யுவான். பேசினால் ஐம்பத்தைந்து.

அந்த வருஷம் உறைபனி முந்திக்கொண்டது. ஈவூ நகரைச் சுற்றி வெட்டாமல் நின்ற கரும்பெல்லாம் ராத்திரியில் விறைத்து, வெயில் பட்டதும் துவண்டு தொங்கியது. அதைக் காய்ச்சி வெல்லம் எடுக்கலாம், நட்டால் முளைக்காது. நான் நச்சரித்து நச்சரித்து எங்கள் வயலை முன்பே வெட்ட வைத்திருந்தேன். ஆகவே பழைய பச்சைத்தோல் கரும்பின் விதை அக்கம்பக்கத்தில் எங்கள் மேட்டுக் குழியில் மட்டும்தான். சோகை உரிக்காமல் கட்டுக்கட்டாகப் படுக்கவைத்து, மண் தள்ளி, மேலே வைக்கோல் போர்த்தியிருந்தோம். வசந்தத்தில் சிங்மிங் நாளன்று கல்லறைகளைத் துடைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துதான் குழியைத் திறக்க வேண்டும். அதுவரை அதற்குள் காற்றுகூட எட்டிப் பார்க்கக் கூடாது.

இது எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் வெய்காங்குக்கும் தெரியும். ஆனால் அவர் சந்தையில் ஜிப் விற்கிறவர். இழுத்துத் திறந்து, இழுத்து மூடிக் காட்டாமல் அவர் ஒரு டஜன் ஜிப் விற்றதில்லை.

ஒரு நாள் நான் கடையிலிருந்து திரும்பினால் வைக்கோல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். குழியின் வாய் ஆவென்று பிளந்து கிடந்தது. உள்ளே தலையைவிட்டுக்கொண்டிருந்தான் பக்கத்து ஊர் கென்ஃபா.

“என்னங்க இது?”

“ஒரு நிமிஷம்தான். கென்ஃபா சரக்கைப் பார்க்கணும்னான்.”

“பார்க்கட்டும். ஏப்ரல்ல வந்து பார்க்கட்டும்.”

கென்ஃபா வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டான். “பார்க்காம எப்படி அண்ணி வாங்குறது?”

“பொண்டாட்டி கட்டினப்பவும் இப்படித்தான் கணுக்கணுவா தட்டிப் பார்த்தியா?”

“அப்ப பார்க்க விடலையே. அதான் இப்ப உஷாரா இருக்கேன்.”

வாயருகே இருந்த தடித்த கட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, தன்னுடையது என்று சிவப்பு நூல் கட்டினான். அதற்கு மேல் விலை பேசினார்கள். பேசி முடிக்கிற வரையில் குழி திறந்தேதான் இருந்தது. முன்பணம் கைமாறியபோது என் வீட்டுக்காரர் முகத்தில் வெயில் அடித்தது. குழியில் வாடைக்காற்று அடித்தது.

அடுத்து ஃபெங் அக்கா வந்தாள். பட்டன் வியாபாரம், அதோடு கொஞ்சம் நிலம். நான் மண்வெட்டியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். மனிதர் என் வறுவல் கரண்டியால் தோண்டினார்.

“கென்ஃபாவுக்குக் காட்டினியாமே. நான் மட்டும் கண்ணை மூடிக்கிட்டுப் பணம் தரணுமா?” என்றாள் அக்கா. அவளும் பொறுக்கினாள், அவளும் சிவப்பு நூல்தான் கட்டினாள். அந்தச் செய்தி கென்ஃபா காதுக்குப் போனது. தன் கட்டுகளை அவள் மாற்றிவிட்டாளோ என்று பார்க்க, பனி பொழியப் பொழிய அவன் மறுபடி ஓடி வந்தான். மறுபடி திறந்தார்கள். ஒவ்வொரு கட்டாக வெளியே எடுத்து, பனியில் வைத்து, எண்ணினார்கள்.

அன்று சாப்பாட்டில் நான் கடுகுக்கீரை ஊறுகாயை அவர் பக்கம் தள்ளவே இல்லை.

“விதை போச்சுன்னா வயல்ல சோளம்தான் போடணும்,” என்றேன். “ஊர்க் கொட்டகையில வெல்லம் காய்ச்ச நமக்குன்னு ஒரு முறை இருக்கே, அதுவும் போயிடும். ஒரு வருஷம் கொப்பரை ஏத்தலைன்னா நம்ம அடுப்புல இன்னொருத்தன் உட்கார்ந்துக்குவான். அப்புறம் எழுப்பவே முடியாது.”

“வாங்குறவனுக்கு நம்பிக்கை வரணும்ல?”

“உங்க மேல வரட்டும். குழியை ஏன் இழுக்குறீங்க?”

“சரக்கைக் காட்டாம விலை சொல்றவன் திருடன்டி.”

“சரக்கைச் சாகடிச்சுட்டுக் காட்டுறவனுக்கு என்ன பேரு?”

அவருடைய பேஜர் அடித்தது. எழுந்து போய்விட்டார்.

சிங்மிங் அன்று குழியைத் திறந்தோம். மூக்கு முதலில் சொல்லிவிட்டது: மூடிபோடாத ஜாடியில் புளித்துப்போன அரிசி மதுவின் வாடை. வாயருகே இருந்த கட்டில் ஒரு கரும்பை உருவி வெட்டினேன். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. கணுவில் முளைவிட வேண்டிய பருவை விரலால் தொட்டேன், கருப்பாக நசுங்கியது. அடுத்த கட்டும் அப்படியே. அழுகிய கட்டுகளை வெளியே இழுத்துப் போடப் போட, சிவப்பு நூல் கட்டியவை ஒன்றுவிடாமல் அதில் வந்தன. யாரும் சீந்தாமல் உள்மூலையில் கிடந்த ஒல்லிக் கட்டுகள் மட்டும் ஈர மண்ணோடு ஜம்மென்று இருந்தன. வெட்டினால் வெள்ளைச் சதை. பரு ஒவ்வொன்றும் பயறு போல உப்பியிருந்தது.

வாங்க வந்த இரண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் உள்மூலைக்கு அனுப்பினார்கள்.

“அதுலேருந்து தாங்க அண்ணி,” என்றான் கென்ஃபா.

“உன் நூல் இதோ இங்க இருக்கு, தம்பி. தட்டிப் பார்த்து நீயே எடுத்தது.”

“இது அழுகிப்போச்சே!”

“திறந்து திறந்து பார்த்தியே, அப்ப சொல்லியிருக்கலாமே?”

என் வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். “ஆளுக்குப் பாதியாவது கொடுத்துடலாம். சந்தையில பேரு கெட்டுடும்.”

நான் எங்கள் வயலுக்கு வேண்டியதை முதலில் எண்ணி வண்டியில் ஏற்றி, ஏற்றியதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மிஞ்சியது கொஞ்சம்தான்.

“இது விலைக்கு இல்ல,” என்றேன். “முன்பணத்தை அவருகிட்டத் திருப்பி வாங்கிக்கோங்க. விதையைக் கடனாக் கொண்டுபோங்க. நவம்பர்ல ஒண்ணுக்கு ரெண்டாத் திருப்பணும்.”

“ஒண்ணுக்கு ஒண்ணரை,” என்றாள் ஃபெங் அக்கா, மூச்சுகூட விடாமல்.

“அரைக் கட்டைக் கட்ட எனக்குக் கயிறு இல்ல அக்கா. ரெண்டு.”

“தங்கச்சின்னு நெனச்சேன். வட்டிக்காரியால்ல இருக்கே!”

“தங்கச்சிங்கிறதாலதான் ரெண்டு. வெளியாளுக்கு மூணு.”

முணுமுணுத்தார்கள். நடவுக்கு நாள் நெருங்கிவிட்டது, வேறு எங்கும் கிடைக்காது. ஒத்துக்கொண்டார்கள். கட்டுகளை வைக்கோலில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன். கென்ஃபாவின் விரல் வைக்கோல் நுனியைத் தேடியது.

“லேசாப் பிரிச்சுப் பார்க்கலாமா அண்ணி?”

“நட்டுட்டுப் பாரு.”

குழிக்குள் போனது நாற்பது கட்டு. எங்கள் வயலுக்குப் பன்னிரண்டு. கென்ஃபாவுக்குக் கடன் மூன்று, நவம்பரில் வரவேண்டியது ஆறு. ஃபெங் அக்காவுக்குக் கடன் இரண்டு, வரவேண்டியது நான்கு. அழுகியது இருபத்து மூன்று. அது என் வீட்டுக்காரர் பெயரில் கடனாக நிற்கிறது. இன்னும் வரவு இல்லை.